பானட் மாதிரி தூக்கிய தகரம்

பிள்ளைப்பாக்கம் பக்கம் மழைக்காலத்தில் மட்டும் குளமாகிற ஒரு பள்ளம் இருக்கிறது. மழைக்குப் பிறகு அங்கே தவளை, தேரை, பாம்பு என்று யார் யார் குடிவருகிறார்கள் எனக் கணக்கெடுக்கும் குழுவில் என் மனைவி சேர்ந்தாள். ஞாயிறு காலையில் அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். பாம்பென்றால் எனக்குப் பயம் என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் மறைத்து வந்தேன். அவளுக்கு அது எப்போதோ தெரியுமாம்.

கரையோரம் குழுவினர் பழைய தகரங்களைப் போட்டு வைத்திருப்பார்கள். அடியில் ஈரமிருப்பதால் பிராணிகள் வந்து ஒண்டும். தகரத்தின் அந்தப் பக்க விளிம்பைப் பிடித்து நம் பக்கமாகத் தூக்க வேண்டும். அப்போது தகரமே நமக்குக் கேடயம். உள்ளிருப்பது எதிர்ப்பக்கம் ஓடிவிடும். தேரைகளை ஓரமாக எடுத்து வைத்த பிறகுதான் இறக்கலாம். இல்லாவிட்டால் நசுங்கிவிடும்.

நானோ ஒரகடத்தில் கார் கம்பெனி அசெம்ப்ளி லைனில் பானட் மாட்டுகிறவன். என் கைக்குத் தெரிந்தது ஒரே தூக்குதான்: முன்விளிம்பைப் பிடித்து மேலே.

தூக்கினேன். என் காலுக்கு நேர் முன்னால் ஒரு தண்ணீர்ப்பாம்பு. சுற்றிலும் கட்டைவிரல் அளவுத் தேரைகள். கேடயம் பாம்புக்குப் பின்னால் நின்றது. என் இடது கை, பானட்டைத் தாங்கும் கம்பியைத் தேடித் துழாவியது. கால்கள் ஏற்கெனவே படப்பையிலிருக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டன. ஆனால் கையை விட்டால் தேரைகள் மொத்தமும் சட்னி.

“யோவ், வுட்டுறாத,” என்றாள் மனைவி.

“இதுக்கு வெஷம் கீதா, இல்லியா மே?” என்றேன்.

“கெடையாது. ஆனா கடிக்கும்.”

அந்த ‘ஆனா’வை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அவள் குந்தி உட்கார்ந்து, தேரைகளின் தோல் உலராதிருக்கக் கையை நனைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் தேரைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் விட்டாள். தகரம் என் கையில் தாளம் போட்டது. நான் பாம்பை ‘சார்’ என்று அழைத்து, பிள்ளைகுட்டிக்காரன் என்று மெல்லிய குரலில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். சார் யோசித்துவிட்டு, என் கம்பெனி ஷூவின் இரும்பு மூக்கு மேலேறி, தண்ணீரைப் பார்த்துப் போய்விட்டார்.

கடைசித் தேரையும் வெளியே வந்தது. கீறல் விழக்கூடாத புது பானட்டைப்போல் தகரத்தை இறக்கினேன்.

“அவ்ளோ நடுங்கினியே, கடைசி வரிக்கும் வுடல பாரு நீ,” என்றாள். லைனில் இத்தனை வருடத்தில் யாரும் என்னை இப்படிப் புகழ்ந்ததில்லை. கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன்.

“இன்னா நிக்கிற? அடுத்தது அங்க கீது.”

அடுத்த தகரத்தில், என் கையைப் பிடித்து அந்தப் பக்க விளிம்பில் கொண்டுபோய் வைத்தாள். தூக்கி முடிக்கும்வரை தன் கையை அவள் எடுக்கவில்லை.