காடி நிறுத்தப் போயிருக்கார்

கணவர் பிரிந்து போய் இரண்டு வருஷமாகிறது. "வீட்டுக்காரர் வரலியா?" என்று தெரியாதவர்கள் யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான்: "காடி நிறுத்தப் போயிருக்கார்." காரை நிறுத்திவிட்டு இதோ வந்துவிடுவார் என்பதுபோல், கோயிலிலும் பள்ளிக்கூட விழாவிலும் அதைச் சொல்லியே தப்பித்திருக்கிறேன்.

போன பள்ளி விடுமுறையில், பினாங்கிலிருந்து நானே காடி ஓட்டி, பிள்ளைகள் இரண்டு பேரையும் தைப்பிங் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போனேன். ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் நின்று, அங்கிருந்த ஓர் அக்காவிடம் எங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னேன்.

அவர் என் மகளிடம், "அப்பா எங்கம்மா? அவரும் வரட்டும்லா, சேர்ந்து எடுக்கலாம்," என்றார்.

ஏழு வயது மகள் யோசிக்கவே இல்லை. "காடி நிறுத்தப் போயிருக்கார், ஆன்ட்டி."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பொய்யை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"இல்லக்கா," என்றேன். "காடி ஓட்டிட்டு வந்தது நான்தான். அவரு எங்கள விட்டுப் போயிட்டாரு. எங்க குடும்பம் இந்த மூணு பேருதான். எடுங்க."

அந்தப் படத்தைப் பெரிதாக்கி வீட்டு ஹாலில் மாட்டினேன். "வர்றவங்க கண்ணுல படுற இடத்துலயா மாட்டணும்?" என்று அண்ணி கேட்டார்.

படட்டும். வெட்கப்பட வேண்டியவர் அந்தப் படத்தில் இல்லை.