வாப்பா கடலுக்குப் போயிருக்கார்

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதச் சுணங்கும். இதை எழுதித் தந்தவள் மகள். சொன்னது நான்.

எங்கள் ஊர் கல்முனைக்குப் பக்கத்தில், கடலோரம். பிள்ளையின் வாப்பா ஒலுவில் துறைமுகத்திலிருந்து போகும் பெரிய போட்டில் வேலை செய்தார். ஒரு தடவை போனால் பதினைந்து, இருபது நாள். கொண்டு போன ஐஸ் முடியும்போது திரும்பி வருவார்கள்.

கடைசியாக அவர் போனபோது மகளுக்கு ஏழு வயது. போட்டில் நாலு பேர். யாரும் வரவில்லை. போட்டும் வரவில்லை. கடற்படை தேடியது. மற்றப் போட்டுக்காரர்களும் தேடினார்கள். ஐஸ் பெட்டி மூடி ஒன்று மிதந்ததைக் கண்டோம் என்று ஒரு போட்டுக்காரர் சொன்னார். அது எந்தப் போட்டின் மூடி என்று யாருக்கும் தெரியவில்லை.

நாற்பதாம் நாள் மற்ற மூன்று வீட்டிலும் இறந்தவர்களுக்கான கத்தம் ஓதிச் சோறு கொடுத்தார்கள். அந்த மூன்று பெண்களும் வெள்ளை உடுத்து இத்தாவில் இருந்தார்கள். புருஷன் மௌத்தானால், அதாவது இறந்தால், நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் முன்னே வரக் கூடாது. அதுதான் இத்தா. நான் இருக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. மகள் கைப்பிள்ளையாக இருந்தபோதும் அவர் ஒரு தடவை காணாமல் போனார். எஞ்சின் பழுதாகி, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அப்போதும் ஊர் முழுக்க முடிந்த கதை என்றுதான் பேசியது. பக்கத்து வீட்டு ராத்தா, எனக்கு ஒரு அக்கா மாதிரி, வெள்ளைச் சீலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்து கட்டிலில் வைத்தா. கத்தத்துக்கென்று ஆடும் வாங்கிக் கட்டியாயிற்று. முப்பத்து மூன்றாம் நாள் என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நான்தான். மாலைதீவில நிக்கிறன். புள்ள பால் குடிக்குதா?"

அவர் விமானத்தில் ஏறியது அந்த ஒரு தடவைதான். நாற்பதுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்தார். வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தார்.

"இது ஆர்ட ஆடு?"

"உங்கட கத்தத்துக்கு வாங்கின."

"அப்ப அறுங்க. என்ட கத்தத்துச் சோத்த நானே திண்டு பாக்கன்."

தின்றார். உப்புக் குறைவு என்றார். அந்த வெள்ளைச் சீலையில் மகளுக்குத் தொட்டில் கட்டினோம்.

அதனால் இரண்டாம் தடவை நான் காத்திருந்தேன். போன் நம்பரை மாற்றவில்லை. பழைய பட்டன் போன்தான். எந்த நம்பரிலிருந்து வந்தாலும் எடுப்பேன். யாரும் கேட்டால், "கடலுக்குப் போயிருக்கார்" என்பேன். மகளும் கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அப்படி நாலு வருடம் போனது.

வீடு என்னுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அதனால் இருக்க இடம் இருந்தது. இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்தேன். சாப்பாட்டுக்குக் காணும்.

மகள் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தாள். கல்முனையில் பெரிய பெண்கள் பாடசாலையில் இடம் கிடைத்தது. பஸ், சப்பாத்து, பின்னேர வகுப்பு. அது எனக்குக் காணாது. ஒரு நாள் பின்னேர வகுப்புக்குப் போகாமல் என்னோடு இருந்து மா அரித்தாள். அடுத்த நாளும் போகவில்லை. பிறகு காலையிலும் பஸ்ஸை விட்டாள். இப்படியே ஒரு மாதம் போனால் படிப்பு நின்றுவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் மரைக்கார் ஒரு இளம் பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார். குடி தாய் வழியாக வருவது. ஆகவே என் மகளின் காரியத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டியவர் அவர்.

வந்த பிள்ளைக்கு ஒரு உதவி நிறுவனத்தில் வேலை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு எத்தீம் பிள்ளையின் படிப்பைப் பொறுப்பெடுக்கிறார்களாம். உம்மா இருந்தாலும் வாப்பா இல்லாத பிள்ளையை நாங்கள் எத்தீம் என்றுதான் சொல்வோம். அந்தப் பிள்ளை படிவத்தை மடியில் வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினாள்.

"வாப்பா மௌத்தான திகதி, ராத்தா?"

நான் மரைக்காரைப் பார்த்தேன்.

"கடல்ல போனவன்," என்றார் மரைக்கார். "திகதிய நான் பொறகு எடுத்துத் தாறன். அந்த இடத்த விடுங்க."

விட்டாள். படம் எடுத்தாள். உதவுகிறவருக்குப் பிள்ளை தன் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாள். மகள் அறைக்குள் போய் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக்கொண்டு வந்தாள். யாரும் வாசிக்கவில்லை. நானும் வாசிக்கவில்லை. எனக்கு வாசிக்க நேரம் எடுக்கும். ஆட்கள் எழும்பி நின்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை தனியே வந்தாள். கதிரையின் நுனியில் இருந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ராத்தா, கோவப்படாதீங்க. மகள்ட வாப்பா உசிரோட இரிக்காரா?"

"ஏன்?"

அவள் கடிதத்தை எடுத்துத் தந்தாள். மகள் எழுதியிருந்ததைக் கூட்டி வாசித்தேன்: எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீட்டில் ஒரு மாமரம் உண்டு. என் உம்மா இடியப்பம் அவிப்பா. என் வாப்பா கடலுக்குப் போயிருக்கார்.

"புள்ள பொய் எழுதல்ல," என்றேன். "நான் சொன்னத்தத்தான் எழுதிரிக்கா."

"எனக்கு விளங்குது. ஆனா எங்கட ஒபிஸ்ல கேக்காங்க, வாப்பா உழைக்கப் போயிரிக்காரெண்டா ஏன் எத்தீம் எண்டு அனுப்பின எண்டு. மௌத்துச் சான்றிதழ் வேணும். இல்லாட்டிப் பள்ளிவாசல்ல ஒரு கடிதம். இந்த மாசம் முடியிறத்துக்குள்ள, ராத்தா. இல்லாட்டி வேற புள்ளைக்குப் போயிரும்."

கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு அவள் போன பிறகு நான் மரைக்கார் வீட்டுக்குப் போனேன். அவர் நெல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னதைக் கேட்டார்.

"கடிதம் எழுத எனக்குக் கை வருகுதில்லகா," என்றார். "நீ இத்தா இரிக்கல்ல. ஊருக்குள்ள நீ புருசன் உள்ளவள். பொறகு உன்ட மகள் எப்பிடி எத்தீம் ஆவா? ஒரு வீட்டில ஒருத்தன் ஒனக்கு உசிரோடயும் மகளுக்கு மௌத்தாயும் இரிக்கேலா."

"அவரு ஒருக்கா வந்தவரு."

"வந்தவன்தான். நானும் அந்தச் சோத்தத் திண்டன். நாலு வருசமாகா. காழியார்ட்டப் போவம். அவன் மௌத்து எண்டு அவரு தீர்ப்புச் சொன்னா, அந்த நாள்ல இருந்து நீ இத்தா இரி. கடிதத்த நானே கொண்டு வந்து தாறன்."

"யோசிச்சுச் சொல்றன்," என்று வந்துவிட்டேன்.

ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றா. அவவுக்கு எல்லாம் முதலே தெரிந்திருந்தது.

"இத்தா இரியன்கா," என்றா. "அவன் வந்தா வரட்டும். வந்தாலும் கத்தத்துச் சோத்தத் திண்டு உப்புப் பாக்கத் தெரிஞ்சவன்தானே."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு வருடத்தில் அவரைப் பற்றிச் சிரித்தது அப்போதுதான். ஆனாலும் உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் காலையில் மகள் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். பஸ் போகும் சத்தம் கேட்டது. அவள் தலை நிமிரவில்லை.

"உம்மா."

"என்ன?"

"நான் கடிதத்துல பிழையா எழுதிட்டனா?"

"இல்ல."

"அப்ப ஏன் திருப்பிக் கொண்டாந்த?"

அவள் பிழையாக எழுதவில்லை. நான் சொன்னதுதான் அந்தத் தாளில் இருந்தது. அதனால்தான் அவள் இந்த நேரத்தில் பஸ்ஸில் இல்லாமல் இடியப்ப உரலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். நான் கை கழுவிவிட்டு மரைக்காரிடம் போனேன்.

காழியார் வயது போனவர். போட்டு எப்போது போனது, கடைசியாக யார் கண்டது, மற்ற மூன்று வீட்டிலும் என்ன நடந்தது என்று விசாரித்தார். மரைக்கார்தான் பதில் சொன்னார். என்னிடம் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். எழுதி முடித்து ஒப்பம் வைத்தார். சின்ன வேலைதான்.

ராத்தா புதுச் சீலை கொண்டு வந்தா. "இத நான் தொட்டில் கட்ட விடமாட்டன்," என்று சொல்லி அவவே உடுத்தி விட்டா.

நாலு வருடம் சுணங்கி வந்த துக்கம். சீனியும் பிஸ்கட்டும் கொண்டு ஆட்கள் வந்தார்கள். முகத்தை எப்படி வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மழையைப் பற்றியும் வயலைப் பற்றியும் கதைத்துவிட்டுப் போனார்கள். எனக்கும் அதுதான் லேசாக இருந்தது.

வேலை நிற்கவில்லை. குசினியில் இருந்து அவிப்பேன். ராத்தா கூடையைக் கடைகளுக்குக் கொண்டு போவா. திரும்பி வந்ததும் ஏசுவா.

"உன்ட கடைக்காரன் என்னகா மனிசன். ஒடஞ்சதெல்லாம் பொறுக்கிப் பொறுக்கித் திருப்பித் தாறான். இத்தா முடிஞ்சதும் நீ போய் அவன்ட மூஞ்சியப் பாரு. எனக்கு ஏலா."

ஒரு நாள் போன் அடித்தது. தெரியாத நம்பர். மகள் என்னைப் பார்த்தாள். இத்தாவில் இருக்கும்போது அந்நிய ஆணோடு கதைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நான் எடுத்தேன். கோழித்தீன் கடையா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று வைத்தேன். மகள் தன் கொப்பியைப் பார்த்துக்கொண்டாள்.

மரைக்கார் சொன்னபடி இத்தாவின் முதல் கிழமையிலேயே கடிதத்தைக் கொண்டு வந்து வாசலில் நின்று மகளின் கையில் கொடுத்தார். அந்த மாதம் முடிவதற்குள் அது போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதத்தில் உதவி வந்தது. மகளுக்குச் சப்பாத்து வாங்கினோம். வகுப்புக்குப் போனாள். விட்ட பாடத்தை அறைக்குள் என் பக்கத்தில் இருந்து எழுதினாள். கணக்கு அவளுக்கு லேசு. இங்கிலிஷ் கஷ்டம்.

நாலு மாதமும் பத்து நாளும் முடிந்தது. கூடையை எடுத்துக்கொண்டு நானே கடைக்குப் போனேன். கடைக்காரர், "ராத்தாட நாக்கு தாங்கேலா, நீங்க வந்தது நல்லம்," என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. உதவுகிறவர் எழுதியது. நிறுவனத்துப் பிள்ளை கொண்டு வந்தாள். மேலே அவர்களின் எழுத்து. கீழே தமிழில் மாற்றி எழுதியிருந்தது. எழுதியவர் ஒரு பெண். ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்து ஓய்வு எடுத்தவராம். தனியே இருக்கிறாராம். மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள்: உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். மாமரத்தை நான் நேரில் பார்த்ததில்லை. இடியப்பம் என்றால் என்ன என்று கேட்டு அறிந்தேன். உன் வாப்பா கடலுக்குப் போயிருப்பதாக எழுதியிருந்தாய். அவர் திரும்பி வந்துவிட்டாரா?

மகள் நிறுத்தினாள்.

"அவங்களுக்கு முதல் கடிதம்தான் போயிரிக்கி," என்றாள் நிறுவனத்துப் பிள்ளை. "பின்னால உள்ளதெல்லாம் ஒபிஸோட நிண்டுட்டுது. மன்னிக்கணும், ராத்தா. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதோணும் எண்டில்ல. மகள் வேற ஏதும் எழுதட்டும். நாளைக்கு வந்து எடுக்கன்."

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நான் மா வறுத்துக்கொண்டிருந்தேன். மகள் குசினி வாசலில் பலகையைப் போட்டு இருந்தாள். கொப்பியில் தாளைக் கிழித்து வைத்திருந்தாள். பாடசாலை பற்றி எழுதினாள். புதுச் சப்பாத்து பற்றி எழுதினாள். பிறகு பேனை நின்றது.

"உம்மா, இதுக்கு என்ன எழுதற?"

காழியார் எழுதினார். மரைக்கார் கையெழுத்து வைத்தார். ராத்தா உடுத்தி விட்டா. நான் தலையாட்டினேன், இத்தா இருந்தேன். அவர் மௌத்து என்று என் வாயால் ஒருவரிடமும் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை.

மா கருகப் பார்த்தது. அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன்.

"வரல்ல எண்டு எழுது."

எழுதினாள்.

"அதுக்குப் பொறகு?"

"வாப்பா கடல்ல மௌத்தாப் போயிட்டாரு எண்டு எழுது."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெதுவாக எழுதினாள். ஒரு எழுத்தையும் விடவில்லை.

"மௌத்து எண்டா அவங்களுக்கு விளங்குமா, உம்மா?"

"மாத்தி எழுதுற ஆக்கள் இரிக்காங்க."

"ம்." பேனையின் மூடியைக் கடித்தாள். "மாமரம் இந்த வருசம் காய்க்குது எண்டும் எழுதட்டா?"

"எழுது," என்றேன்.

மா ஆறியிருந்தது. அரிக்கத் தொடங்கினேன்.