புஷ்பவல்லி போகாத லேப்

எங்கள் கடைக்கு வருகிற தமிழ் ஆட்களில் பாதிப் பேர் புஷ்பவல்லியை, "அந்த பயாலஜி படிச்சு ஃபெயிலான ஆன்ட்டி" என்றுதான் சொல்கிறார்கள். அவள் ஊருக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பேச்சு மட்டும் போகவில்லை. கையில் கத்தியோடு நிற்கிற நான், அதைக் கேட்டால் எலும்பில் ஓங்கி ஒரு போடு போடுவேன். நான் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். ஃபெயில் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவள் ஃபெயிலானவள் இல்லை.

அமெரிக்காவில், டெக்சஸ் பக்கத்துப் பிளானோவில் ஒரு மளிகைக் கடையின் பின்பக்கம் ஹலால் இறைச்சி வெட்டுவது என் வேலை. அப்போது முன்பக்கம் பில் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். திருநெல்வேலிக்காரி, எனக்கும் பக்கத்து மேலப்பாளையம்தான். புருஷன் சுப்பையனுக்கு கம்ப்யூட்டர் கம்பெனி. அவன் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் இவளுக்கு வேலை பார்க்க அனுமதி. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். மகள் ஹைஸ்கூலுக்குப் போனதும் இவள் கம்யூனிட்டி காலேஜில் பயாலஜி டிகிரிக்குச் சேர்ந்தாள். இரண்டு வருஷப் படிப்புதான். கடை, சமையல், துணி எல்லாம் போக மிச்ச நேரத்தில் படித்தால் இழுக்காதா? மகள் பெரிய காலேஜுக்கே போய்விட்டாள், இவள் இன்னும் முடிக்கவில்லை. முடித்தால் ஏதாவது ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேரலாம். அது ஒன்றுதான் அவள் கேட்டது.

ஒரு நாள் என் பக்கம் வந்து நின்றாள். அவர்கள் வீடு சுத்த சைவம். இறைச்சிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"பாய், ஒரு ஆட்டு இதயம் கிடைக்குமா? முழுசா வேணும், வெட்டாம."

"என்ன யம்மா, இப்பத்தான் ருசி தெரிஞ்சுதா?"

"வாயைக் கழுவுங்க. லேப்ல அறுக்கணும். கூடப் படிக்கிற சின்னப் பிள்ளையளு டக்கு டக்குன்னு அறுக்குதுவ. எனக்குக் கை நடுங்குது. பிராக்டிஸ் பண்ணணும்."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"லேப்ல எல்லாம் பிளாஸ்டிக் பொம்மைதான்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க எதையாவது உளறி வச்சிராதீங்க."

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் கடை திறக்கும் முன்னால் வருவாள். முதல் நாள் கத்தியை வைத்ததும் வெளியே ஓடி குப்பைத் தொட்டி ஓரமாக வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து அதே இதயத்தை அறுத்தாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது கறி, அவள் தேடியது வேறு. ஒவ்வொரு நரம்பாகப் பிரித்து வாய்க்குள் பேர் சொல்லிக்கொள்வாள். முடிந்ததும் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கைகழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போவாள். அவளுக்கென்று இதயம், சிறுநீரகம் எல்லாம் தனிப் பையில் போட்டு, டேப்பில் அவள் பேரை எழுதி ஒட்டி ஃப்ரீசரில் வைப்பேன்.

கடைசியாக ஒரே ஒரு கோர்ஸ் பாக்கி இருந்தது. அப்போதுதான் ஊரில் அவள் மாமியார் இறந்துபோனார்.

சுப்பையன் மூத்த மகன். ஆனால் போகவில்லை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி. போனால் திரும்பி வர முடியுமா என்று யாருக்கும் தெரியாது. தம்பி கொள்ளி வைத்தான், இவன் போனில் பார்த்தான். அந்தக் குற்ற உணர்ச்சியை எங்கே இறக்கி வைப்பான் பாவம். பதினாறு நாள் துக்கத்தையும் இங்கேயே முழுசாகக் காப்பேன் என்று லீவு போட்டு உட்கார்ந்துவிட்டான். வாசலைத் தாண்டவில்லை. அவளையும் தாண்ட விடவில்லை.

எனக்கு போன் செய்தாள். "பாய், கார் சாவிய வாங்கி வச்சிக்கிட்டாக. மூணு லேப் போகலைன்னா கோர்ஸ் போச்சு. பதினாறுக்குள்ள மூணு லேப் வருது."

"எடுத்துச் சொல்லும்மா."

"சொன்னேன். 'எங்கம்மா செத்ததுக்கு நானே போகல, நீ காலேஜுக்குப் போறியா'ங்காக. இதுக்கு என்ன சொல்லுதது?"

"நான் வேன் எடுத்துட்டு வரட்டா?"

"வேண்டாம். அப்புறம் உங்களை வைவாக."

பதினாறு கழிந்து காலேஜுக்குப் போனபோது, இறப்புக்கு ஆதாரம் கேட்டார்கள். ஊரில் சர்டிபிகேட் இன்னும் வரவில்லை. அவளிடம் இருந்தது தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸின் போட்டோ. அதைத்தான் காட்டியிருக்கிறாள்.

கடைக்கு வந்து என்னிடமும் போனை நீட்டினாள். "ஆபீஸ்ல இருந்த பொண்ணு நல்லவதான் பாய். ஃபிளெக்ஸ்ல இருக்கதை இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லிக் கேட்டா. கடைசியில, 'இதுல உன் பேரு எங்க இருக்கு'ன்னா. அப்பத்தான் நானே பாக்கேன்."

"மருமக பேரைப் போடலியா?"

"மகனுவ பேரு இருக்கு, மருமகனுவ பேரு இருக்கு, பேரன்மாரு பேரு இருக்கு. ஃபிளெக்ஸ் அடிச்ச கடைக்காரன் பேருகூட போன் நம்பரோட இருக்கு." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"சர்டிபிகேட் வந்ததும் காட்டு. இல்லாட்டி அடுத்த செமஸ்டர்ல திரும்ப எடு."

"அடுத்த செமஸ்டர் எங்க பாய்? அம்மாவுக்குத்தான் இல்லாமப் போயிட்டேன், அப்பாவுக்காவது இருக்கணும்னுட்டாக. ஒரேயடியா ஊருக்குப் போறோம். டிக்கெட் போட்டாச்சு."

கிளம்புகிற வாரம் இருவரும் கடைக்கு வந்தார்கள். தாடி மழிக்காத முகத்தோடு சுப்பையன் முன்பக்கம் எல்லோரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இளைத்துப் போயிருந்தான். அவள் மட்டும் பின்பக்கம் வந்தாள். ஃப்ரீசரின் கண்ணாடிக் கதவு வழியே அவளுடைய பை தெரிந்தது. என் கோணல் எழுத்தில் புஷ்பவல்லி என்று இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"ஊர்ல போய் மாமனாரைப் பாத்துக்கிட்டே படிம்மா," என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் முன்பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாய், அந்தப் பையை யாருக்காவது வித்துருங்க. அவுக இந்தப் பக்கம் வந்தாலும் வருவாக. அதுக்கு முன்னாடி, அதுல இருக்க என் பேரை மட்டும் உரிச்சுப் போட்டுருங்க."