கொசுப்புகையில் எடுத்த முதல் ஆல்பம்

எங்கள் முதல் ஆல்பத்தின் அட்டையில், மூடுபனி சூழ்ந்த கல்லறைத் தோட்டத்தில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவன் நிற்பான். அவன்தான் எங்கள் பாடகன். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். பனியை ஃப்ரிட்ஜுக்குள் மட்டுமே பார்த்தவன். எழுதிய பாட்டெல்லாம் ஆங்கிலம். எல்லாவற்றிலும் பனி, தேவாலயம், செத்துப்போன காதலி. உயிரோடு இருந்த எவளும் அவனை ஏறிட்டுப் பார்க்காததால் செத்தவளைப் பிடித்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

நான் பேஸ் கிட்டார் வாசித்தேன். டிரம்ஸ் வாசித்தவன் பருத்திப்பட்டுக்காரன். அவன் வீட்டு மாடியில், ஷீட் போட்ட அறையில்தான் ஒத்திகை. மத்தியானத்தில் ஷீட் கொதிக்கும். பாடகன் கோட்டைக் கழற்ற மாட்டான். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் வாசித்த, சாவு வாடை அடிக்கும் போஸ்ட்-பங்க் இசைக்கு நாங்கள் மறுஉயிர் கொடுக்கிறோமாம்.

அட்டைப்படம் எடுத்த சாயங்காலம் பனிக்கு எங்கே போவது? கல்லறைத் தோட்டத்தில் கொசு மருந்து அடிக்க வந்தவரின் பின்னாலேயே ஓடி, புகைக்குள் கண்ணை மூடி நின்றான் பாடகன்.

“யோவ், இன்னாயா பண்றே? மூஞ்சில வாங்கினு நிக்காத, வாந்தி வரும்” என்றார் அவர்.

வந்தது. அதற்கு முன்பு நான் எடுத்த படம்தான் அட்டையில் இருப்பது.

ஆல்பம் இணையத்தில் வெளியான அன்று மூவரும் அந்த மாடி அறையில் உட்கார்ந்து கேட்டோம். முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் டிரம்மர் எழுந்துவிட்டான்.

“மச்சான், இது நான் வாசிச்சது இல்லியே?”

“டிரம் மெஷின்ல மாத்திட்டேன்” என்றான் பாடகன். “நீ வாசிச்சா கொண்டாட்டமா கேக்குது. எனக்குக் குளிர் வேணும்.”

“என் ஊட்ல, என் ஃபேன் காத்துல குந்திகினு இருந்துட்டு, என்கிட்டயே சொல்லாம மாத்திகீறே?”

பாடகன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டான். அது ஒன்றுதான் அவனுக்கு நன்றாக வரும். கலைக்காகச் சிலரை இழக்க வேண்டியிருக்கிறது என்றான், ஆங்கிலத்தில்.

நான் கேபிளைச் சுருட்டினேன். “மேடைல நீயும் மெஷினுமே நில்லுங்க. அதுக்கும் ஒரு கோட்டு தச்சுப் போடு” என்றேன். டிரம்மர் சிரித்தான். கண் கலங்கியிருந்தது.

அதோடு குழு முடிந்தது. ஆல்பத்தை யாரும் கேட்கவில்லை. இசைக்குப் பாடகன் செய்த ஒரே உபகாரம் குழுவைக் கலைத்ததுதான்.

டிரம்மர் இப்போது திருநின்றவூர்ப் பக்கம் கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் வாசிக்க நானும் போகிறேன். பந்திக்குப் போகிறவர்கள்கூட நின்று கேட்கிறார்கள். போன வாரம், அடுத்த ஆல்பத்துக்கு ஆள் வேண்டும் என்று மெசேஜ் அனுப்பிவிட்டுப் பாடகன் போன் செய்தான். சோறு தின்றுகொண்டிருந்தேன். எடுக்கவில்லை.