வள்ளி அறுத்த முதல் பிடி

காலை ஆறரைக்குப் போளூரில் ஏறினேன். ஜமுனாமரத்தூர்ப் பேருந்து, ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். ஐப்பசி மழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. வளைவுக்கு வளைவு சமவெளி கண்ணில் பட்டு, மறைந்து, இன்னும் சின்னதாகத் திரும்பி வந்தது. ஐம்பது வயதாகியும் ஓரிடத்தில் உட்காராத உடம்பு எனக்கு. மலை ஏறும் பேருந்தில் மட்டும் அது சமர்த்தாக இருக்கும்.

இந்த முறை காட்சி பார்க்க வரவில்லை. மலையில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிற மல்லிகா என் பள்ளித்தோழி. "எப்பப் பாத்தாலும் அருவியையே எழுதுற. ஒரு நாள் எங்க ஜீப்புல வந்து பாருடி" என்று வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஜீப் ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. டீசலும் ஓட்டுநரும் அவர்கள் பொறுப்பு. மருத்துவரும் மருந்தும் கட்டிலும் அரசாங்கம். மூன்றாவது பங்கு மலையூர்க்காரர்களுடையது. பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே வந்து தங்க நிலையத்தில் ஓர் அறை இருக்கிறது. ஒருத்தி அங்கே தங்கியிருக்கும் வரை அவள் கொல்லையின் பயிர் வேலையை ஊர் பார்த்துக்கொள்ளும்.

"மொதல்ல கட்டில் போட்டோம், ஃபேன் போட்டோம். ஒருத்தரும் வரல" என்றாள் மல்லிகா. "அப்புறம்தான் ஏன் வரலேன்னு கேட்டோம். அறுவடைய யார் பாக்கறதுன்னாங்க."

ஒன்பது மணிக்கு அந்த ஜீப்பில் பலாக்கொட்டாய் என்ற மலையூருக்குக் கிளம்பினோம். பாதி வழி தார், மீதி கல். ஓட்டுநர் ஏழுமலை சந்தவாசல்காரர். "கெட்டியா புட்ச்சிக்குங்கம்மா. கட்டுன பல்லா இருந்தா கழட்டி பையில வெச்சுக்குங்க" என்றார். என் வயதைச் சொல்லிக் காட்டுகிறாராம்.

வள்ளி என்ற பெண்ணை அழைத்துவரப் போகிறோம். முதல் பிரசவத்தில், கழியில் போர்வை கட்டித் தூக்கி வரும் வழியிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். இப்போது மறுபடி நிறைமாதம், ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. கணவன் கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலையில் இருக்கிறான். இன்றே அவள் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

பலாக்கொட்டாயில் ஜீப் நின்றபோது சாமைக் கொல்லையில் பத்துப் பேர் அரிவாளோடு சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். கொல்லையோரப் பாறையில் வள்ளி உட்கார்ந்திருந்தாள். துணிப்பை கட்டித் தயாராகப் பக்கத்தில் இருந்தது. முகம் மட்டும் தயாராக இல்லை.

"இன்னாம்மா வள்ளி, ஜீப்பு நிக்குது."

"நான் வரல நர்சம்மா."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. இந்த ஊரில் கொல்லைக்காரிதான் முதல் பிடி சாமையை அறுக்க வேண்டும். அது வீட்டுச் சாமிக்குப் போகும். பிறகே மற்றவர் அரிவாள் இறங்கலாம். வள்ளி நிம்மதியாகக் கிளம்பட்டும் என்று ஊரார் விடியலிலேயே வந்து அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"நீ நேத்தே அறுத்திருப்பேன்னு நெனச்சிட்டோம்மா" என்றார் ஊர்த்தலைவரான கவுண்டர், தலைத்துண்டை அவிழ்த்தபடி.

"வாயத் தொறந்து கேட்டா இன்னா மாமா? போன வாட்டி புள்ள போச்சி. இந்த வாட்டி சாமிக்கும் கொற வெச்சிட்டுப் போவவா?"

மல்லிகா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். தோழியின் உதடு இறுகியதை நான் கவனித்தேன். வள்ளியை அவள் மிரட்டவில்லை. "அறுக்காத எடம் எங்கனா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"மேல்துண்டு நெலம் அப்படியே இருக்குது!" பக்கத்துக் கொல்லைக்காரி ராணி கத்தினாள். "இந்த சோம்பேறிங்க அங்க ஏறவே இல்ல."

அடக்கிவைத்த சிரிப்பு அங்கங்கே உடைந்தது. கவுண்டர் நிமிர்ந்தார். "அப்ப கேளும்மா. நாங்க அறுத்தது இங்கயே கெடக்கட்டும். உன் பிடி மொதல்ல வூட்டுக்குள்ள போவும். அதுக்கப்புறந்தான் இது போவும். சரியா?"

வள்ளி யோசித்தாள். தலையசைத்தாள். ஆனால் மேட்டில் ஏறக்கூடாது என்று மல்லிகா கையை நீட்டித் தடுத்தாள்.

"மேல்துண்டு ரோட்டோரந்தானே? நான் ஏத்திக்கினு போறேன்" என்றார் ஏழுமலை.

"ஆஸ்பத்திரி ஜீப்பா, அறுப்பு ஜீப்பாய்யா இது?" என்றாள் ராணி.

"ரெண்டுந்தான்க்கா. நீயும் ஏறு."

மேலே, வள்ளி குனிய வேண்டாமென்று ராணி ஒரு கொத்துத் தாளைப் பிடித்து அவள் பக்கம் சாய்த்தாள். அரிவாளால் ஒரே இழுப்பு. சாமைக்கதிர் வள்ளி கையில் நிறைந்தது. பாதியை ராணியிடம் கொடுத்துச் சாமி முன்னால் வைக்கச் சொன்னாள். மீதியை மடியில் வைத்துக்கொண்டு, தானாகவே ஜீப்பில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். திரும்பும் வழியில் ஏழுமலை ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. ஒவ்வொரு கல்லையும் சுற்றிப் போனார்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வள்ளியின் அழுத்தமும் இறங்கியிருந்தது. இரவெல்லாம் உட்காராத இளம் மருத்துவர் வெளியே வந்து, பதினைந்து ரூபாய் டீயை ஒரே மூச்சில் குடித்தார். வள்ளியின் கதிர் சன்னல் கம்பியில் தொங்கியது. "தரையெல்லாம் சிந்துது, கூட்டுறவங்க என்னைத் திட்டப்போறாங்க" என்று முனகினாள் மல்லிகா. கட்டித் தொங்கவிட்டவளே அவள்தான்.

நான் பெரும்பாலும் மலைகளைப் பார்த்துத்தான் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்று சுண்ணாம்பு உதிர்ந்த ஓர் அரசுக் கட்டடத்தைப் பார்த்து நெஞ்சு விம்மியது. எங்களுடையது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

விடைபெறும்போது வள்ளி கேட்டாள்: "ஊருக்குப் போய் இன்னா எழுதுவீங்கக்கா?"

"உன் பொண்ணப் பத்தி."

"கொல்லையப் பத்தியும் எழுதுங்க. கீழ்த்துண்டு முடிஞ்சி, மேல்துண்டும் பாதி ஆயிடுச்சாம்."

மாலைப் பேருந்து இறங்கத் தொடங்கியது. சமவெளி வளைவுக்கு வளைவு பெரிதாகி வந்தது. சென்னையில் என் தெருவிலேயே மூன்று மருத்துவமனைகள் இருக்கின்றன. எதிர்வீட்டு அம்மாள் கண் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாரோ, எதை விட்டுவிட்டு வர முடியவில்லையோ.

பையை வீட்டில் வைப்பதற்கு முன்னால் அவர் கதவைத் தட்ட வேண்டும்.