நேயான் குடும்பம்

"கண்ணாடி புதுசு, கம்ப்யூட்டரு புதுசு, ஃபேனு புதுசு. உள்ள உக்காந்துக்கினு இருக்கிற மூஞ்சி மட்டும் பழசு!"

2007ஆம் வருஷம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இஸ்திரிக்குத் துணி போட்டவர்கள் யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் சட்டையைத் திரும்ப வாங்கியதில்லை. 'மூஞ்சி' என்று வரும்போது சுலோசனா கரிப்பெட்டியை ஓங்கி வைப்பாள். நெருப்புப் பொறி பறக்கும். சட்டைக்காரர் பதறிப்போய், "ஆமாமா, ரொம்பப் பழசு" என்று ஒத்துக்கொள்வார்.

அவள் கோபம் அந்த வருஷம் வந்ததில்லை. மில் மூடி, புருஷன் அம்மாவாசை வேலையில்லாமல் உட்கார்ந்த நாளிலிருந்தே, தள்ளுவண்டியையும் பெட்டியையும் கோபத்தையும் சேர்த்துத்தான் தெருவில் நிறுத்தினாள். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு விலாசம் கிடைத்தது அந்த ஆடி மாதத்தில்தான்.

மகள் செல்வி, கிளமான் என்பவனைக் கட்டிக்கொண்டு பாரீசுக்குப் பக்கத்தில் இருந்தாள். மாமியார் இல்லாத வீடு. பிள்ளை மார்கழியில் பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்: "யம்மா, நீ பக்கத்துல இருந்தாதாம்மா எனக்குத் தைரியம்." சுலோசனா விழுப்புரத்தைத் தாண்டிப் போனவள் இல்லை. ஆனாலும் போயே தீருவது என்று முடிவு கட்டிவிட்டாள். பாஸ்போர்ட்டுக்கு வயசுச் சான்று வேண்டும். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவளுக்கு ஒரே சாட்சி, வெள்ளைக்காரன் காலத்துப் பிறப்புப் பதிவேடு.

அந்தப் பதிவேடு இருந்த அலுவலகத்தை அப்போதுதான் மேம்படுத்தியிருந்தார்கள். வாசலில் 'ஒரே நாளில் சான்றிதழ்' என்று போர்டு. உள்ளே டோக்கன். எழுத்தர் தெய்வசிகாமணிக்கும் ஜனங்களுக்கும் நடுவில் பளபளவென்று ஒரு கண்ணாடி. பேசுவதற்கு அதில் வட்டமாக ஓட்டை போட்டவன், அதை இடுப்பு உயரத்தில் போட்டுவிட்டான். யாராயிருந்தாலும் குனிந்து, கும்பிடு போடுகிற மாதிரி நின்றுதான் பேச வேண்டும்.

போர்டில் போட்டிருந்தபடி அன்றைக்கே சான்றிதழ் வந்துவிட்டது. தெய்வசிகாமணி மூக்கால் கூவினார்.

"சுலோசனா நீ... ஆன்ட்... நீ ஆன்ட்டு யாரும்மா?"

"யார்ரா ஆன்ட்டி? உன்ன விட ரெண்டு வயசு கூட இருப்பேனா?"

வரிசை சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் காகிதத்தை மடித்து எடுத்து வந்தாள்.

சாயந்திரம் துணி வாங்க வந்த சொல்தா ரெனேதான் அதைப் படித்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம்; மரியாதையாகக் கூப்பிடும்போது 'முசே'. படித்தவர் மீசை குலுங்கச் சிரித்தார்.

"இன்னா முசே சிரிக்கிற?"

"சுலோசனா நேயான்னு போட்டிருக்காம்மா. உன் குடும்பப் பேரு நேயானாம்."

"அப்படின்னா?"

"ஒண்ணுமில்லன்னு அர்த்தம். பழைய நோட்டுல ஓரத்துல குறிப்பு எழுத எடம் உண்டு. எழுத ஒண்ணும் இல்லன்னா 'நேயான்'னு எழுதிடுவான். கம்ப்யூட்டர்ல ஏத்துன பசங்க அதையும் பேருன்னு நெனச்சு அடிச்சுட்டானுங்க. ரேஷன் கார்டுல ஒரு பேரு, இதுல ஒரு பேருன்னா பாஸ்போர்ட் தர மாட்டான்."

சுலோசனா சிரிக்கவில்லை. "அப்ப நான் சுலோசனா ஒண்ணுமில்லயா?" என்றாள். பெட்டி கீழே இறங்கிய சத்தத்தில் சொல்தா தன் கால்சட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் கண்ணாடி ஓட்டையில் சண்டை.

"பேர் மாத்தணும்னா நோட்டரிகிட்ட பத்திரம், பேப்பர்ல விளம்பரம், அப்புறம் அரசிதழ்ல வரணும். ஆறு மாசம் ஆவும்."

"பேர மாத்தச் சொல்லி எவன் கேட்டான்? எம் பேரு சுலோசனா, எங்கப்பன் வெச்சது. நீங்க ஒரு வால ஒட்டி வெச்சிருக்கீங்க, அத அறுத்துப் போடு."

"சிஸ்டம் அப்படித்தான் காட்டுதும்மா."

"அந்தச் சிஸ்டத்த வெளிய வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்."

"இந்தாம்மா, சத்தம் போடாத."

"பழைய நோட்ட எடுத்துப் பாருய்யா!"

"அது பிரெஞ்சுல இருக்கு. படிக்கத் தெரிஞ்சவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு."

"தெரியாத எழுத்த யேன்யா காப்பி அடிச்சீங்க?"

தெய்வசிகாமணி டோக்கன் பொத்தானை அமுக்கினார். டிங்! அடுத்த எண். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. அவள் போகிற ஒவ்வொரு முறையும் அவருக்கு டீ வந்தது, பல்லி வந்தது, கரண்ட் போனது. பதில் மட்டும் வரவில்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் வேறு வழி பிடித்தாள். துணி எடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் கேட்டாள்: "ஐயா, நீங்க வெள்ளக்காரன் காலத்துல பொறந்தவரா? கம்ப்யூட்டர் சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கீங்களா? கொஞ்சம் காட்டுங்க." எழுத்து தெரியாது. ஆனால் தன் காகிதத்தில் பேருக்குப் பின்னால் இருந்த அந்த ஐந்து எழுத்தின் உருவம் மனப்பாடம். ஒப்பிட்டுப் பார்த்தாள். பத்தொன்பது பேர் சிக்கினார்கள். கோயில் பூசாரி ஒருவர், சர்ச்சில் பாடுகிற ஜோசஃபின், சைக்கிள் கடை பாய், எல்லாரும் நேயான். அம்மாவாசையும் நேயான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பத்தொன்பது பேரோடு, சொல்தாவையும் கூட்டிக்கொண்டு போய் நின்றாள். கண்ணாடிக்கு முன்னால் குனியவில்லை. உள்ளறையில் இருந்த அதிகாரி ஜானகிராமனின் கதவைத் தள்ளினாள்.

"யாரும்மா இவ்ளோ பேரு?"

"ஒரே குடும்பம் சார். நேயான் குடும்பம். பூசாரி எங்க பெரியப்பா முறை ஆவுறாரு, பாய் சித்தப்பா. இவரு எங் கழுத்துல தாலி கட்டுனவரு, உங்க கம்ப்யூட்டரு கணக்குல எங்க அண்ணன். நாப்பது வருஷமா அண்ணன்கூடக் குடும்பம் நடத்திக்கினு இருக்கேன், போலீசக் கூப்புடுங்க."

அம்மாவாசை தரையைப் பார்த்தார்.

ஜானகிராமன் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். தூசி தட்டிக்கொண்டு வந்தது. சொல்தா மூக்குக்கண்ணாடியை மாட்டி விரலை வைத்து இறங்கினார்: "நேயான், நேயான், நேயான்..." பக்கம் பக்கமாக ஓரத்தில் அதே வார்த்தை. நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும், பின்னால் நடந்த கல்யாணத்தைப் பற்றி நிஜமாகவே ஒரு குறிப்பு இருந்தது. அது குறிப்பு எழுதுகிற இடம்தான், பேர் எழுதுகிற இடமில்லை என்று தெரிந்ததும் அதிகாரியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"மொத்தமா திருத்தச் சொல்லிடறேம்மா. மென்பொருள் போட்டவங்க சென்னையில இருக்காங்க. அவங்க வரணும்."

அவர்கள் வந்தபோது கார்த்திகை முடிந்திருந்தது. மார்கழி நாலாம் தேதி, வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி போனை எடுத்தாள் சுலோசனா. பிள்ளை சான்றிதழை முந்திக்கொண்டது. பெண். கிளமானுக்கு இரவு வேலை. ஆம்புலன்சில் தனியாகத்தான் போனாளாம் செல்வி. "உன் பேரச் சொல்லித்தாம்மா கத்துனேன். அங்க யாருக்கும் புரியல."

சுலோசனா கரியில் தண்ணீரை ஊற்றினாள். இரண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூட்டிப் போனான். வால் அறுந்த சான்றிதழ் தயார். ஜானகிராமனே கையில் கொடுத்தார். தெய்வசிகாமணி பவ்யமாக இன்னொரு தாளை நீட்டினார். சேவையில் முழுத் திருப்தி என்று அச்சடித்த படிவம். பத்தொன்பது பேருக்கும் வேலை முடிந்துவிட்டது, நல்ல பேரோடு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், கைநாட்டு வைத்தால் போதும் என்றார்கள். மைப்பெட்டி திறந்தே இருந்தது. சுலோசனா சான்றிதழை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்:

"எம் பொண்ணு அங்க ஒண்டியா வலியெடுத்துக் கத்துனப்ப நான் இங்க உங்க கண்ணாடி ஓட்டையில கத்திக்கினு இருந்தேன் சார். அவ பேசுனது அங்க எவனுக்கும் புரியல, அது வேற பாஷ. நான் தமிழ்லதான கத்துனேன், உங்களுக்கு யேன் புரியல? இப்ப திருப்தின்னு நாட்டு வெக்கணுமா? நாளைக்கு எவளாவது ஒருத்தி இந்தக் கண்ணாடிகிட்ட வந்து நிப்பா. அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி, இதோ இந்த ஐயா எழுந்து வெளிய வந்து 'இன்னாம்மா வேணும்'னு கேக்கட்டும். கேட்டாருன்னு எங்காதுல வுழுட்டும். அன்னிக்கு நானே வந்து பத்து விரலையும் வெக்கிறேன்!"