கொடிக்கொல்லைப் பிள்ளையார்

போன வாரம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் ஒரு பெண் வழவழப்பான நோட்டீஸ் ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். வீட்டு மனை விற்பனை. மேலே பிள்ளையார், கீழே தங்கக் காசு, நடுவில் சிரிக்கிற ஒரு குடும்பம். சாமி படம் போட்ட காகிதத்தை எனக்குக் கீழே போட வராது. கசக்கவும் வராது. மடித்துச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜை அலமாரியில் சேர்ப்பேன். அப்படிச் சேர்ந்தது அங்கே ஒரு கட்டு இருக்கிறது. என் வீட்டுக்காரி ஜெயா கற்பூரம் எடுக்கப் போகும்போதெல்லாம் அது சரிந்து விழும்.

"ந்தா, இன்னும் கொஞ்ச நாள்ல சாமிய வெளில வச்சிட்டு நோட்டீசுக்குப் பூஜ பண்ணப் போறே பாரு."

அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சாமி படம் இருந்தால் என்னைப் போன்ற ஆள் தூக்கிப் போட மாட்டான் என்று தெரிந்துதானே அச்சடிக்கிறார்கள்? நான் எட்டாவது வரைதான் படித்தவன். எனக்கே இது தோன்றுகிறது என்றால் அவர்களுக்குத் தோன்றாமலா இருக்கும்?

இந்த மாதிரி நோட்டீசின் மை வாசனை மூக்கில் பட்டால் எனக்கு உடனே மஞ்சள் பெயின்ட் ஞாபகம் வந்துவிடும். மனைக்கல்லுக்கு அடிக்கிற பெயின்ட். எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2007 வாக்கில் ஊருக்கு வெளியே இருந்த கடலைக்கொல்லை ஒன்று விலைபோய், ஒரே வாரத்தில் அங்கே மஞ்சள் கற்கள் முளைத்தன. கற்களுக்கு நடுவில் மூங்கில் நட்டு, சிவப்பும் பச்சையுமாகக் கொடி கட்டினார்கள். வாசலில் வளைவு வைத்து ஏதோ நகர் என்று நாகரிகமாக ஒரு பெயர் எழுதினார்கள். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கொடிக்கொல்லை என்றுதான் சொன்னோம்.

நான் அப்போது ஒப்பந்த பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. ஏறுகிற முகங்கள் வாரத்துக்கு வாரம் கூடின. திருநெல்வேலி, விருதுநகர், ராமநாதபுரம் என்று எங்கிருந்தெல்லாமோ பையன்கள் வந்தார்கள். ஊரில் மாட்டுக்கொட்டகை இருந்தவன் அதை ரூம் ஆக்கினான். இல்லாதவன் ஷீட் போட்டு ரூம் ஆக்கினான். நானும் வீட்டுக்குப் பின்னால் ரூம் போட்டு வாடகைக்கு விட்டேன். அதில் வந்து தங்கியவன்தான் இசக்கிமுத்து. சங்கரன்கோயில் பக்கத்துப் பையன், உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் லைனில் நிற்கிறவன். வாய் நிறையப் பேச்சு. என்னை அண்ணாச்சி என்பான். அவன் கூடத் தங்கியிருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவன் மட்டும் மாறவில்லை.

கொடிக்கொல்லைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். வேன் இலவசம், சாப்பாடு இலவசம். இலவசமாக ஒருவன் சோறு போட்டால் எனக்கு அது இறங்காது. ஜெயா கேலி செய்வாள். கோயில் பிரசாதம் இலவசம்தானே என்பாள். அது சாமி போடுவது, இது பாபு போடுவது என்பேன். பாபு என்பவன் மனைக்காரர்களின் ஏஜெண்ட். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கனத்த செயின், யாரைப் பார்த்தாலும் அண்ணா.

வேனில் வந்தவர்கள் கொல்லையைப் பார்த்தார்கள், கொடியைப் பார்த்தார்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். மனை விற்கவில்லை. அப்புறம் ஒரு நாள் குட்டியானை வண்டியில் பிள்ளையார் வந்து இறங்கினார்.

வளைவுக்குப் பக்கத்தில் நாலு தூண் வைத்து ஒரு சின்ன மண்டபம் கட்டி அவரை உட்கார வைத்தார்கள். ஐயர் ஒருவர் டூவீலரில் வந்தார். இஞ்சினைக்கூட அணைத்தாரோ என்னவோ, அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டுப் போனார். கல் விக்கிரகத்தைப் பீடத்தில் நிறுத்தினால் குங்கிலியம், அரக்கு எல்லாம் இடித்துச் சேர்த்து மருந்து சாத்துவார்கள். அதற்கப்புறம் சாமி அந்த இடத்தை விட்டு அசையாது. இங்கே அப்படி எதையும் காணோம்.

"மருந்து சாத்தலையா பாபு?"

"இப்போதிக்கி ஒயிட் சிமெண்ட் போதும்ணா. அப்புறம் கிராண்டா கும்பாபிஷேகம் பண்ணிக்கலாம்."

புது விக்கிரகம் என்றும் சொன்னான். புது விக்கிரகத்துக்கு வலது காது ஓரம் எப்படி மழுங்கும்? தும்பிக்கை மடிப்பில் கறுப்பாகப் பிசுக்கு எப்படி வரும்? இவர் ஏற்கெனவே எங்கோ எண்ணெய் குடித்தவர் என்று எனக்குப் பட்டது. ஜெயாவிடம் சொன்னேன்.

"சாமி கிட்ட கூட ரேஷன் கார்டு கேப்பியா?" என்றாள்.

ஆனால் சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வரும்போது பார்த்தால், அவர் இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். என் சந்தேகம் மனைக்காரர்கள் மேல்தான். பிள்ளையார் என்ன செய்தார் பாவம். வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுபோய் விளக்கு ஏற்ற ஆரம்பித்தேன். பாபு எண்ணெய் வாங்கித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். அவன் எண்ணெயில் ஏற்றினால் அது அவன் விளக்காகிவிடும் என்று எனக்கு ஒரு பயம். ஆனால் என் எண்ணெயிலேயே அது அவன் விளக்காகத்தான் ஆனது. வேன் ஆட்கள் வரும்போது என்னைக் காட்டிச் சொல்வான்.

"பாருங்கம்மா, டெய்லி பூஜ நடக்குது. இவருதான் ஊர்ப் பெரியவரு."

எனக்கு அப்போது தலை நரைக்கக்கூட இல்லை. அதற்கப்புறம் மனைகள் மளமளவென்று போயின.

உண்மையான ஊர்ப் பெரியவர் ஏழுமலை அண்ணன். அம்மன் கோயில் தர்மகர்த்தா. சந்தேகத்தில் எனக்கெல்லாம் அவர் குரு என்று சொல்லலாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஊருக்குள் நுழைகிறவனின் செருப்பைப் பார்த்து ஆள் எப்படி என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம். அவர் காது கேட்கத்தான் ஒரு நாள் டீக்கடையில் இசக்கிமுத்து வாயை விட்டான்.

"எங்கூர்ல பிள்ளையார விலைக்கு வாங்க மாட்டாவ அண்ணாச்சி. பக்கத்து ஊர்ல இருந்து களவாண்டுட்டு வந்து வச்சாத்தான் அவருக்குச் சக்தி."

இந்த நம்பிக்கை எங்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் வாடகைக்கு வந்தவன் அதைச் சொல்லக்கூடாது. ஏழுமலை அண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"நீ எத்தினி புள்ளையாரத் தூக்கிகினு வந்துகீறே?"

"இன்னும் ஒண்ணும் தூக்கல பெரியவரே. கூட்டுக்கு ஆளு கெடைக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கொடிகள் வெளுத்துக் கிழிந்தன. வேன் வருவது நின்றது. வாங்கியவர்களில் ஓரிருவர் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் மண்டபத்தில் பிள்ளையார் இல்லை. பீடத்தின் மேல் கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டுத் தூள், நான் முந்தின நாள் வைத்த அருகம்புல், அவ்வளவுதான். எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஏழுமலை அண்ணனுக்கு ஓடியது. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். "நான் அன்னிக்கே சொல்லல?" என்றார். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இசக்கிமுத்து அப்போதுதான் ராத்திரி ஷிப்டு முடிந்து, கம்பெனிச் சட்டையோடு வந்து நின்றான். ரூமைத் திறந்து கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். துணி சுற்றிய ஒரு பொட்டலம் கனமாக அகப்பட்டது. ஏழுமலை அண்ணனே பிரித்தார். உள்ளே அவன் அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டி.

"திருடுன சாமிய எவனாச்சும் ரூம்லயா வைப்பான்? ஊருக்கு அனுப்பிகீறான்" என்றார். எதுவும் கிடைக்காததே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. இந்த வித்தை எனக்கும் தெரியும் என்பதால் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. அவனை ஊரைவிட்டு அனுப்பிவிடு என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஊரில் பெண் பேசி வைத்திருந்தார்கள்.

"வார ஞாயித்துக்கெழம பொண்ணோட தாய்மாமன் இங்க வாராவ அண்ணாச்சி. நான் எப்படிப்பட்டவன்னு ஊர்க்காரங்ககிட்ட விசாரிப்பாவ. இவிய என்ன சொல்லப் போறாவளோ."

ஜெயா அவனுக்குக் காபி கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இந்தப் புள்ள கல்யாணம் நின்னா அந்தப் பாவம் நம்ம வூட்டு வாசலுக்குத்தான் வந்து நிக்கும். ஒன் சந்தேகத்த என்னிக்காச்சும் உருப்படியா செலவு பண்ணு" என்றாள்.

என் சந்தேகம்தான் முதல் நாளிலிருந்து வேறு இடத்தில் உட்கார்ந்திருந்ததே. பாபுவுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆப். அந்த வாரம் பார்த்து எனக்கு ஒரகடம் பக்கம் ரூட் மாற்றிவிட்டார்கள். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குத் திரும்புகிற வழியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதிதாக ஒரு வளைவு, மஞ்சள் கற்கள், சிவப்பும் பச்சையுமாகக் கொடிகள். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். நாலு தூண் மண்டபம். உள்ளே சிவப்புப் பட்டு கட்டி, பெரிய மாலை போட்டுக்கொண்டு ஒருவர். மாலையை ஒதுக்கினேன். வலது காது ஓரம் மழுங்கியிருந்தது. தும்பிக்கை மடிப்பில் பிசுக்கு, அதில் பாதி என் வீட்டு நல்லெண்ணெய்.

கோபம் வரும் என்று நினைத்தேன். கண்தான் கலங்கியது. என்னப்பா, உன்னையும் ஷிப்டு போட்டுவிட்டார்களா என்று கேட்டேன்.

சனிக்கிழமை ஏழுமலை அண்ணனையும் இசக்கிமுத்துவையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன். ஏழுமலை அண்ணன் லேசில் நம்புகிறவரா? "இது வேற புள்ளையாரா இருந்தா?" என்றார். காதைத் தடவினார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். அதற்குள் சைட் ஆபீஸ் ஷெட்டிலிருந்து பாபுவே வெளியே வந்துவிட்டான். ஒளிந்துகொள்வான் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணா! அங்க மனை முடிஞ்சி போச்சு. இங்க இப்பத்தான் ஸ்டார்ட்டிங். எல்லாம் ஒரே மொதலாளி சாமிதான?"

ஏழுமலை அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். இசக்கிமுத்து மெதுவாகச் சொன்னான்: "பெரியவரே, இப்பம் கூட்டுக்கு ஆளு இருக்கு. தூக்கிருவமா?"

"சும்மா இர்ரா" என்றார். ஆனால் குரலில் பழைய கடுப்பு இல்லை. அந்த நேரம் பார்த்து அந்த ஊர்ப் பெண் ஒருத்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். எங்களைப் பார்த்து, "புது சாமிங்க, ரொம்ப சக்தி" என்று சொல்லிவிட்டுத் திரியைத் தூண்டினாள். ஏழுமலை அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வுடு, அந்தம்மா வெளக்கு ஏத்திடுச்சி" என்றார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீம்பு பிடித்த மனிதர். ஊர் முன்னால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. இறங்கியவர் நேராக டீக்கடைக்கு வந்து, அங்கே இருந்தவர்களிலேயே வயசானவராகப் பார்த்து ஏழுமலை அண்ணனிடம் போய் நின்றார். நான் பின்னால் டீயோடு நின்றிருந்தேன்.

"இங்க இசக்கிமுத்துன்னு ஒரு பையன் இருக்கானாம். ஆளு எப்படி அண்ணாச்சி?"

"நீங்க யாரு மொதல்ல? எங்கேர்ந்து வர்றீங்க?"

"சங்கரன்கோயில் பக்கம். பொண்ணுக்குத் தாய்மாமன்."

"பொண்ணுக்குப் பையனப் புடிச்சிகீதா? கேட்டீங்களா?"

விசாரிக்க வந்தவரை அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். பெண் என்ன படித்திருக்கிறது, கூடப் பிறந்தவர்கள் யார் என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"அந்தப் பையன் மேல இந்த ஊர்ல ஒரு திருட்டுப் பட்டம் வந்துச்சு. சாமி செலயத் தூக்கிட்டான்னு."

மாமன் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"சொன்னது யாரு தெரியுமா? நான்தான். நேத்து போயி என் கண்ணால பாத்துட்டு வந்தேன். அத்தினியும் பொய்யி. பழி சொன்ன வாயே சொல்லுது, கேட்டுக்குங்க. தங்கமான புள்ள. நம்பிப் பொண்ணு குடுங்க. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"அது எங்கூருத் தண்ணி அண்ணாச்சி" என்றார் மாமன். அப்போதுதான் ஏழுமலை அண்ணன் சிரித்தார்.

கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் எங்கள் பின்கட்டிலேயே வந்து குடித்தனம் செய்தாள். 2015 மழைக்கு முன்னால் அவர்கள் ஒரகடம் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். கொடிக்கொல்லையில் இப்போது ஒரு மனைகூடக் காலியில்லை. எல்லா வீட்டுக்கும் மதில், கேட், கேட்டில் கேமரா. ரோடு அகலம் பண்ணியபோது டீக்கடை போனது. அதற்கு முன்பே ஏழுமலை அண்ணன் சாமியிடம் போய்விட்டார்.

சமீபத்தில் ஒரு காலை, வயதான ஒருவரும் அவர் மனைவியும் எங்கள் தெருவில் கேட் கேட்டாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள். எதிர் மாடியில் குடியிருக்கிற பையனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்தவர்கள். பையன் எப்படி என்று என்னைக் கேட்டார்கள். அவன் இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறான். தினமும் பைக் சத்தம் கேட்கிறது. பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரியாதுங்க என்றேன். எதிரில் இருக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும், எதையோ மறைக்கிறார் என்று அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். தட்டிய கேட்டிலெல்லாம் அவர்களுக்கு இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனதாகத் தண்ணீர் கேன் போடுகிறவர் ஜெயாவிடம் சொன்னாராம். உண்மைதானா என்று அந்தப் பையனையே கேட்டுவிடலாம் என்று எதிர் வீட்டு மாடிப்படி வரை போனேன். மேலே ஏறிப் போய் என்னை யார் என்று சொல்லிக்கொள்வது? கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.